துளை குறைந்தால் அறுவை சிகிச்சையும் சிறிதாகிவிடுமா?

தாயாருக்குப் பித்தப்பைக் கல். தொப்புளில் ஒரே ஒரு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம், தழும்பே தெரியாது என்கிறார் ஒரு மருத்துவர். வழக்கமான நான்கு துளைகளே போதும் என்கிறார் இன்னொருவர். பெரியப்பாவுக்கு மலக்குடலில் கட்டி; அதையும் ஒற்றைத்துளை முறையில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். துளை குறைந்தால் வலியும் ஆபத்தும் குறையும்தானே, பிறகு மருத்துவர்களுக்குள் ஏன் இந்தக் கருத்து வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில், நான்கைவிட ஒன்று சிறியது, ஆகவே ஒற்றைத்துளை அறுவை சிகிச்சை சிறிய அறுவை சிகிச்சை என்ற கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்த்தால் மற்றவை தெளிவாகிவிடும். நான் வயிறு, குடல் அறுவை சிகிச்சையில் பல ஆண்டுகள் பழகியவன்; இரண்டு முறையிலும் செய்திருக்கிறேன். உங்கள் தாயாரின் ஸ்கேனையோ பெரியப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தையோ நான் பார்க்கவில்லை. எனவே யாருக்கு எது என்று இங்கிருந்து முடிவு சொல்ல முடியாது. எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வழக்கமான பித்தப்பை அறுவை சிகிச்சையில் தொப்புளருகே 10 மில்லிமீட்டர் துளை ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே 10 அல்லது 5 மில்லிமீட்டரில் ஒன்று, வலது விலாவுக்குக் கீழே 5 மில்லிமீட்டரில் இரண்டு என்று போடுவோம். எல்லாவற்றையும் கூட்டினால் 25 முதல் 30 மில்லிமீட்டர். ஒற்றைத்துளை முறையில் தொப்புளின் மடிப்புக்குள்ளேயே 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறி, அதில் நுழைவழிகள் கொண்ட மென்மையான ஒரு அடைப்பைப் பொருத்தி, அதன் வழியாகக் கேமராவையும் இரண்டு மூன்று கருவிகளையும் நுழைக்கிறோம். வெட்டின் மொத்த நீளம் ஏறக்குறைய மாறவில்லை. நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது ஓரிடத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே நடக்கும் வேலையில் ஒரு அணுவும் குறையவில்லை. அதே பித்தப்பை, அதே ரத்தக்குழாய், அதே பித்தநாளம், அதே மயக்க மருந்து, வயிற்றை உப்பவைக்க அதே கார்பன் டை ஆக்சைடு. 5 மில்லிமீட்டர் துளை பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அதன் ஆழத்தில் தையல்கூடப் போடுவதில்லை. 25 மில்லிமீட்டர் திறப்பை அப்படி விட முடியாது.

வேலை குறையாததோடு, செய்வதும் கடினமாகிறது. நுண்துளை அறுவை சிகிச்சையில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வது, கேமரா நடுவில் நிற்க, இரு கைகளின் கருவிகளும் இரு பக்கத்திலிருந்தும் வந்து இலக்கில் ஒரு முக்கோணமாகச் சந்திக்க வேண்டும் என்பதைத்தான். கருவிகளுக்கிடையே சுமார் 60 டிகிரி கோணம் இருந்தால் கை இயல்பாக ஓடும். ஒரே துளைக்குள் எல்லாம் இறங்கும்போது அந்தக் கோணம் சுருங்கிவிடுகிறது. குறுகிய வாயுள்ள ஜாடிக்குள் இரண்டு கைகளையும் ஒன்றாக விட்டு முடிச்சுப் போடுவது போன்ற வேலை இது. கருவிகளின் பிடிகள் வெளியே ஒன்றோடொன்று இடிக்கும். உதவியாளர் கேமராவை அசைத்தால் உங்கள் வலது கைக் கருவியும் சேர்ந்து அசையும். இதற்காக வளைந்த கருவிகள், 30 டிகிரி சாய்வாகப் பார்க்கும் நீளமான கேமரா எல்லாம் வந்தன. வளைந்த கருவிகளைக் குறுக்கே பிணைத்துப் பிடித்தால் திரையில் இடப்பக்கம் தெரிவது உங்கள் வலது கை; வலப்பக்கம் தெரிவது இடது கை. பழகினால் வரும். ஆனால் பழகும் காலத்தில் மேசையில் கிடப்பவர் ஒரு நோயாளி.

பித்தப்பையில் இது ஏன் முக்கியம் என்றால், அந்த அறுவை சிகிச்சையின் முழு ஆபத்தும் கட்டைவிரல் நகமளவு இடத்தில் குவிந்திருக்கிறது. பித்தப்பையின் கழுத்துக்கும் கல்லீரலுக்கும் அதிலிருந்து பித்தம் இறங்கும் பொதுக் கல்லீரல் நாளத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடத்தைக் கலோட் முக்கோணம் என்கிறோம். அங்கே எந்தக் குழாயையும் வெட்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அறுவை சிகிச்சை மருத்துவர் ஸ்டிராஸ்பெர்க் 1995இல் வகுத்தார்: முக்கோணத்திலிருந்து கொழுப்பும் சவ்வும் முழுதாக நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுகையிலிருந்து விலகியிருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போவன இரண்டே இரண்டு குழாய்கள்தாம் என்பது முன்னிருந்தும் பின்னிருந்தும் தெரிய வேண்டும். இதைக் காண, பித்தப்பையின் உச்சியை மேலே தூக்கி, கழுத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வலது விலாவின் கீழுள்ள அந்த இரண்டு சிறு துளைகள் இருப்பதே அதற்காகத்தான். ஒற்றைத்துளை முறையில் அந்த இழுப்புக்கு இடமில்லை. 1997இல் தொப்புள் வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டிய இத்தாலியின் நவார்ரா, வயிற்றுச் சுவர் வழியாக ஊசி நூலைக் கோத்துப் பித்தப்பையைக் கட்டித் தூக்கினார். இன்றும் பலர் அப்படிச் செய்கிறார்கள். நூல் ஒரே திசையில்தான் இழுக்கும். தேவைப்பட்ட நொடியில் முன்னும் பின்னும் புரட்டிக் காட்ட ஒரு கை வேண்டும்.

இந்த முறை திடீரென்று பெருகியது 2007, 2008 ஆண்டுகளில். வாய், பிறப்புறுப்பு போன்ற இயற்கைத் திறப்புகள் வழியாகவே வயிற்றுக்குள் சென்று, வெளியே தழும்பே இல்லாமல் அறுவை சிகிச்சை செய்வது பற்றி அப்போது பெரும் ஆரவாரம் இருந்தது. அதற்கான கருவிகள் கைகூடவில்லை. தொப்புளும் பிறவித் தழும்புதானே, அதற்குள்ளேயே ஒளித்துவிடலாம் என்று பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கருவி நிறுவனங்கள் விதவிதமான அடைப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பலன் தெரிவதற்கு முன்பே விளம்பரம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

பிறகு வந்த ஆய்வுகளில் உறுதியாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. தழும்பின் தோற்றத்தில் நோயாளிகளின் திருப்தி ஒற்றைத்துளையில் கூடுதல், இதில் சந்தேகமில்லை. அறுவை சிகிச்சைக்கு ஆகும் நேரமும் கூடுதல். மருத்துவமனையில் தங்கும் நாட்களில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமில்லை. வலியில் எதிர்பார்த்த குறைவு தெளிவாக வரவில்லை. அமெரிக்காவில் ஜெஃப்ரி மார்க்ஸ் குழுவினர் 200 பேரைத் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கி நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், வலி நான்கு துளைப் பிரிவில்தான் குறைவாகப் பதிவானது. அதே ஆய்வில் ஓராண்டுக்குள் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் (ஹெர்னியா) வந்தவர்கள் ஒற்றைத்துளையில் 8.4 சதவீதம், நான்கு துளையில் 1.2 சதவீதம். எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களும் ஒற்றைத்துளையில் குடலிறக்கம் அதிகம் என்றே சொல்கிறார்கள். எனவே திசை உறுதி. அளவு எவ்வளவு என்பதில்தான் விவாதம்.

பித்தநாளக் காயம் வேறு வகை. அது அரிது, வந்தால் வாழ்க்கையே தடம் புரளும். நான்கு துளை முறையில் அதன் அளவு ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. ஒற்றைத்துளை பற்றி வெளியான அறிக்கைகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று 0.72 சதவீதம் என்று கணக்கிட்டு எச்சரித்தது. இதை நான் உறுதியானவற்றின் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவற்றில் பல, மருத்துவர்கள் புதிய முறையைப் பழகிக்கொண்டிருந்த காலத்தின் அறிக்கைகள்; இரு பிரிவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு எடுத்த எண்ணும் அல்ல. ஆயிரத்தில் சிலருக்கு நேர்வதை நிரூபிக்க, சில நூறு பேரை வைத்து நடக்கும் ஆய்வுகளால் முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த அறிக்கைகளில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் வீக்கமில்லாத, எளிதான பித்தப்பைக்காரர்கள். கடினமானவர்களை முன்பே விலக்கிவிட்டு எடுத்த எண்ணே இப்படி என்றால், கடினமான பித்தப்பையில் ஒற்றைத்துளைக்குப் போக எனக்குத் துணிச்சலில்லை.

குடலிறக்கத்தைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பெருமளவு மருத்துவரின் கையில் இருக்கிறது. தொப்புளுக்கடியில் இரு பக்கத் தசைகளையும் பிணைத்து நிற்கும் வெண்ணிற உறைதான் வயிற்றைத் தாங்குகிறது. அடைப்பை எடுத்தபின் அந்த உறையின் இரு விளிம்புகளையும், மேல் முனையும் கீழ் முனையும் தெரிய, கொழுப்பு நீக்கித் தனியாகப் பிடித்துக் காட்ட வேண்டும். தோல் வெட்டு சிறியது, தொப்புள் குழி ஆழமானது. பருத்த உடலில் கீழ் முனை கண்ணில் படாமலே போகும். அங்கே ஒரு தையல் விட்டுப்போனால் பல மாதங்கள் கழித்து அந்த இடம் புடைக்கும். திறந்த அறுவை சிகிச்சையின் நடுக்கோட்டு வெட்டை எப்படித் தைப்பது என்று நெதர்லாந்தில் 560 பேரிடம் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்ற பழைய வழக்கத்தில் ஓராண்டில் 21 சதவீதம் பேருக்கும், அரை சென்டிமீட்டருக்கு ஒரு சிறு தையல் என்ற முறையில் 13 சதவீதம் பேருக்கும் குடலிறக்கம் வந்தது. அந்த எண்களை அப்படியே தொப்புள் துளைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் நெருக்கமான சிறு தையல், மெதுவாகக் கரையும் நூல் என்ற பாடம் இங்கும் செல்லும் என்று நம்பி அப்படியே செய்கிறேன். இரண்டு மணி நேரம் உள்ளே நுணுக்கமாக உழைத்த களைப்பில் கடைசிப் பத்து நிமிடத்தை அவசரமாக முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல குடலிறக்கங்கள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிறக்கின்றன.

இனிக் குடலுக்கு வருகிறேன். இங்கே என் கருத்து அப்படியே மாறுகிறது. பித்தப்பையைச் சுருக்கி 10 மில்லிமீட்டர் துளை வழியே வெளியே எடுத்துவிடலாம். பெருங்குடலின் வலது பாதியை அப்படி எடுக்க முடியாது. கட்டியோடும் கொழுப்போடும் நிணநீர் முடிச்சுகளோடும் அது முழுதாக வெளியே வர வேண்டும். அதற்கு எந்த முறையிலும் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் திறப்பு தேவை. வழக்கமான முறையில் நான்கைந்து துளைகளில் வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் அதைப் போடுகிறோம். எப்படியும் போடப்போகும் வெட்டை முதலிலேயே போட்டு, அதற்குள் அடைப்பைப் பொருத்தி, அதன் வழியாகவே முழு வேலையையும் முடித்தால் மற்ற துளைகள் மிச்சம். இங்கே ஒற்றைத்துளை எதையும் கூடுதலாகக் கேட்கவில்லை. 2008 முதல் இப்படி வலது பெருங்குடலை எடுத்து வருகிறார்கள். கொரியாவில் ஏழு மருத்துவமனைகளில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 388 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் சிக்கல்களின் அளவு இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வெட்டின் மொத்த நீளம் ஒற்றைத்துளையில் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். புற்றுநோய் என்றால் ரத்தக்குழாயை அதன் வேரிலேயே கட்ட வேண்டும், நிணநீர் முடிச்சுகள் குறைந்தது 12 ஆவது பரிசோதனைக்குக் கிடைக்க வேண்டும். துளையின் எண்ணிக்கைக்காக இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மலக்குடல் இன்னொரு உலகம். இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், ஆண்களுக்குக் குறிப்பாக ஒடுங்கிய இடத்தில் அது இருக்கிறது. தொப்புளிலிருந்து தூரமும் அதிகம். கட்டிக்குக் கீழே குடலைத் துண்டிக்கும் ஸ்டேப்ளர் குடலுக்குக் குறுக்கே, செங்கோணத்துக்கு நெருக்கமாக அமர வேண்டும். தொப்புளிலிருந்து இறங்கும் ஸ்டேப்ளர், தலை வளையக்கூடியதாக இருந்தாலும், சாய்வாகவே விழுகிறது. ஒரே முறையில் வெட்டு முடியாது. ஸ்டேப்ளரை இரண்டாவது, மூன்றாவது முறை இயக்க வேண்டிவரும்; இதைச் சுடுவது என்போம். சுடும் எண்ணிக்கை கூடக்கூட, குடலை மீண்டும் சேர்த்த இணைப்பு கசியும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால்தான் பலர் வலது அடிவயிற்றில் இன்னொரு துளை போட்டு, ஸ்டேப்ளரை அதன் வழியே விடுகிறார்கள். வேலை முடிந்தபின், உள்ளே சேரும் நீரை வடிக்கும் குழாயும் அதே துளையில் வெளியே வரும். ஒற்றைத்துளை என்ற பெயர் கெட்டுவிட்டதே என்று அவர்கள் வருந்துவதில்லை. மலக்குடலை மிகக் கீழே இணைக்கும்போது அந்த இணைப்பு ஆறும்வரை சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றின் மேல் திறந்து வைக்கும் தேவை பலருக்கு வரும். அப்படியானால் அந்த இடத்தையே நுழைவாயிலாகப் பயன்படுத்தலாம்.

உங்கள் பெரியப்பாவுக்குச் சொன்னது இதுவாக இல்லாமல், ஆசனவாய் வழியாகச் செய்யும் முறையாகவும் இருக்கலாம். இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை, கருவி ஒன்றுதான். 1983 வாக்கில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் புயெஸ் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள உலோகக் குழாயை ஆசனவாயில் பொருத்தி, மலக்குடலின் உள்ளிருந்தபடியே கட்டிகளை அகற்றும் முறையை உருவாக்கினார். அருமையான முறை, கருவியின் செலவும் பழகும் சிரமமும் காரணமாகப் பரவலாகவில்லை. 2010இல் அட்டல்லா, ஆல்பர்ட், லாராக் ஆகிய அறுவை சிகிச்சை மருத்துவர்கள், தொப்புளுக்கென்று வந்த ஒற்றைத்துளை அடைப்பை எடுத்து ஆசனவாயில் பொருத்தி அதே வேலையைச் செய்து காட்டினார்கள். தொப்புளுக்காக வந்த கருவி தன் சரியான இடத்தைக் கண்டது அங்கேதான் என்பேன். உடலில் புதிதாக வெட்டே இல்லை, தழும்பும் இல்லை, குடலிறக்கமும் இல்லை.

ஆனால் அது யாருக்கு என்பதில் மிகவும் கறாராக இருக்க வேண்டும். புற்றாக மாறாத பெரிய பாலிப்புகளுக்கும் (குடலின் உட்சுவரில் வளரும் சதை முளைகள்), மலக்குடல் சுவரின் மேலடுக்கைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்றுக்கும் அது பொருத்தம். சுவரோடு சேர்த்துக் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கிறோம்; வெளியே கொழுப்பிலுள்ள நிணநீர் முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. உட்சளிச்சவ்வின் அடியிலுள்ள அடுக்கின் மேல் மூன்றில் ஒரு பங்கோடு புற்று நின்றிருந்தால் முடிச்சுகளில் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்குள்தான். கீழ் மூன்றில் ஒரு பங்குவரை இறங்கியிருந்தால் நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிடும். இந்த ஆழம் பல நேரம் கட்டியை எடுத்து நோய்க்கூறியல் அறிக்கை வந்த பிறகுதான் உறுதியாகும். அறிக்கை மோசமாக இருந்தால் மலக்குடலை முழுதாக எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சைக்குத் தயாராக வேண்டும். முதல் நாளே இதைச் சொல்லி வைக்கும் மருத்துவரை நம்பலாம்.

அதே ஆசனவாய் வழியாகக் கீழிருந்து மேலாக மலக்குடல் முழுவதையும் பிரித்தெடுக்கும் முறையும் 2010 முதல் பேசப்பட்டது. தத்துவம் நல்லது, ஒடுங்கிய இடுப்பில் கீழ் விளிம்பு நேராகக் கண்ணில் படும். ஆனால் நார்வேயில் 157 நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, அதே இடத்தில் புற்று மீண்டும் வரும் அளவு சுமார் இரண்டரை ஆண்டுகளில் 11.6 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. வழக்கமான முறையில் அது 2.4 சதவீதம். அந்த நாட்டில் அம்முறை நிறுத்திவைக்கப்பட்டது. அனுபவம் மிகுந்த வேறு சில மையங்களில் முடிவுகள் நன்றாகவே இருந்தன. குறை முறையிலா, பழகாத கைகளிலா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பெரியப்பாவுக்குச் சொன்னது இந்த முறை என்றால், அந்த மருத்துவர் தம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று கணக்கு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

ரோபோ வந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2.5 சென்டிமீட்டர் குழாய் வழியாகக் கேமராவும் மூன்று கருவிகளும் உள்ளே போய், அங்கே மூட்டு மடங்கி விரியும் டா வின்சி எஸ்.பி. ரோபோவுக்கு 2018இல் அமெரிக்காவில் முதலில் சிறுநீரக, சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. இழந்த கோணத்தை அது உண்மையிலேயே திருப்பித் தருகிறது. வயிற்றுச் சுவரிலுள்ள திறப்பை அதனால் சிறிதாக்க முடியாது.

உங்கள் தாயார் விஷயத்தில் நான் பார்ப்பது இவற்றை: பித்தப்பை முன்பு வீங்கியிருந்ததா, சுவர் தடித்திருக்கிறதா, கல் பித்தநாளத்துக்கு இறங்கியிருக்கிறதா, உடல் பருமன் எவ்வளவு, மேல்வயிற்றில் முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா. இவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு துளையே என் தேர்வு. எதுவும் இல்லை, தழும்பு அவருக்கு முக்கியம், மருத்துவர் இதைத் தொடர்ந்து செய்பவர் என்றால் ஒற்றைத்துளையை மறுக்க மாட்டேன். தொப்புளில் ஏற்கெனவே சிறு குடலிறக்கம் இருந்தால் கணக்கு மாறும். அந்த ஓட்டையை எப்படியும் தைத்தாக வேண்டும், அதன் வழியாகவே நுழைவதில் பொருள் உண்டு. எந்த முறையானாலும் அடுத்த சில வாரங்கள் கனமானதைத் தூக்கக் கூடாது. இருமும்போது தொப்புள் புடைத்தால் காட்ட வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, கலோட் முக்கோணம் சரியாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதுதான். தயக்கமில்லாமல் இன்னொரு துளை போடுவேன் என்று உடனே சொல்கிறாரா என்று பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் கூடுதல் துளைகளுக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பதற்கும் இடம் விட்டு எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.